வண்டியின் மூக்கு தெற்கே பார்க்கட்டும்

ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் திருநின்றவூரிலிருந்து பெரியபாளையம் போகும் சாலையில் வேன்களும் மினி லாரிகளும் வரிசை கட்டும். பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகும் குடும்பங்கள் அவை. அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, பாய், போர்வை, பாட்டி, பேரப்பிள்ளை எல்லாம் வண்டிக்குள்ளேயே. இரவு தங்கி ஞாயிற்றுக்கிழமை பொங்கலிட்டுத் திரும்புகிறவர்கள், போய்ச் சேர்ந்ததும் முதலில் செய்யும் வேலை ஒன்று உண்டு. வண்டியின் பக்கக் கம்பியில் தார்ப்பாயின் இரண்டு முனைகளைக் கட்டி, மற்ற இரண்டையும் கழிகளில் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவது. மாட்டுவண்டிக் காலத்தில் கூண்டின் பக்கத்தில் இழுத்துக் கட்டிய அதே நிழல்தான் இது. கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையோரத்தில் சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநரும் இதைத்தான் செய்கிறார். ‘கேரவன்’ என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வண்டியையே வீடாக்கி அதன் ஓரத்தில் திண்ணை போடும் வழக்கம் இந்த ஊர்ச் சாலைகளுக்குப் புதிதல்ல.

புதிது என்னவென்றால், இப்போது அந்தத் திண்ணைக் கூரை கடைச்சரக்காக வருகிறது. 2021-இல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் வண்டிச் சுற்றுலாவுக்கெனக் கொள்கை அறிவித்த பிறகு, டெம்போ டிராவலரில் படுக்கையும் சமையல் மேடையும் பொருத்திக்கொண்டு கிளம்பும் ஆசை தமிழ்நாட்டுக் குடும்பங்களிடமும் பரவியிருக்கிறது. அப்படி வண்டி கட்டுகிறவர்களுக்குக் காட்டப்படும் முதல் ஆடம்பரம், வண்டியின் பக்கவாட்டில் மேல்விளிம்போடு சேர்த்துத் திருகப்படும் நீளப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றினாலோ பொத்தானை அமுக்கினாலோ உள்ளே சுருண்டிருக்கும் துணி வெளியே நீண்டு விரியும். ஓரத்தில் இரண்டு மெல்லிய அலுமினியக் கால்கள் இறங்கும். இத்தாலியின் ஃபியம்மா போன்ற நிறுவனங்கள் இதில் பேர் பெற்றவை. நன்றாகச் செய்யப்பட்ட பொருள், அதில் ஐயமில்லை. ஆனால் நம் வெயிலுக்கும் காற்றுக்கும் மழைக்கும் அது பொருந்தாது என்பதும், பெரியபாளையத்துத் தார்ப்பாயைச் சற்றுத் திருத்தி எடுத்துக்கொள்வதே சரியான தேர்வு என்பதும் என் முடிவு. பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் யோசனை அல்ல இது. பணம் இருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

முதலில் வெயில். கூரை போட்டால் அதற்கு அடியில் நிழல் இருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உச்சிவேளையில்தான் அது உண்மை. திருநின்றவூர் இருப்பது ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கே போய்விடுகிறது. இரண்டரை மீட்டர் உயர வண்டி ஜூன் மாத நண்பகலில் தெற்கே போடும் நிழல் அரை மீட்டர்கூட இல்லை. டிசம்பர் நண்பகலில் அதே வண்டி வடக்கே 1.85 மீட்டர் நிழல் தரும். இனி மாலை நாலு மணிக்கு வாருங்கள். சித்திரையில் அந்நேரம் சூரியன் மேற்கே சுமார் 32 பாகை உயரத்தில் இருக்கும். வண்டியின் மேற்குப் பக்கத்தில் இரண்டரை மீட்டர் அகலத்துக்குக் கூரையை விரித்து, அதன் விளிம்பை 2.3 மீட்டர் உயரத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். விளிம்பின் நிழல் கிழக்கே 3.7 மீட்டர் தள்ளி விழ வேண்டும். அதாவது நிழல் முழுவதும் வண்டியின் சுவர்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். கூரைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் தலையிலிருந்து கால்வரை வெயிலில் இருப்பார். அதே நேரத்தில் வண்டியின் கிழக்குப் பக்கத்தில், கூரையே இல்லாமல், வண்டி மட்டும் நாலு மீட்டர் நீளத்துக்கு நிழல் விரித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே எந்தக் கூரை வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் வண்டி எந்தத் திசை பார்த்து நிற்கும் என்று கேட்க வேண்டும். நம் நாட்டு வேன்களில் பயணிகள் கதவு இடப்பக்கம். வண்டியின் மூக்கு தெற்கே பார்த்து நின்றால் கதவு கிழக்கே திறக்கும். கோடையில் பிற்பகல் முழுவதும் வண்டியே மேற்குச் சுவராக நின்று காக்கும்; கூரை அந்த நிழலை நீட்டித் தந்தால் போதும். இந்தப் பகுதியில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை மாலையிலும் முன்னிரவிலும் வரும் இடிமழை பெரும்பாலும் மேற்கே உள்நாட்டில் திரண்டு கடலை நோக்கி நகர்வது. மழைக்கு முன்னால் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் அந்த முதல் காற்றும் மேற்கிலிருந்துதான் அடிக்கிறது. வெயிலைத் தடுக்கும் அதே சுவர் காற்றையும் தடுக்கிறது. மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைவிட உறுதியான சுவரை எந்தக் கடையும் விற்கப் போவதில்லை. காலை வெயில் கிழக்கிலிருந்து உள்ளே வருமே என்றால், வரும்தான். அதற்குக் கூரை தேவையில்லை. கொடியில் தொங்கும் ஒரு வேட்டி போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வண்டிக்குள் ஏசி இருக்கும்போது வெளியே நிழல் எதற்கு? புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசே விதித்துவிட்டது. லாரிக்காரருக்குக் கிடைத்த அந்த நியாயம் மிகவும் பிந்தி வந்த ஒன்று. அதை வரவேற்கவே வேண்டும். ஆனால் ஓடும் வண்டியின் ஏசி எஞ்சினின் தயவில் ஓடுகிறது. நிறுத்திய வண்டியில் அது டீசலைக் குடிக்கும், அல்லது பேட்டரியை உறிஞ்சும். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். கோடை நண்பகலில் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் விழும் வெயில் ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஐந்து மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள வண்டிக்கூரையின் மேல் 9 கிலோவாட் கொட்டுகிறது. ஒரு டன் ஏசி உள்ளிருந்து இழுத்து வெளியேற்றக்கூடிய வெப்பம் மூன்றரை கிலோவாட். வெள்ளைப் பெயின்ட் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்றாலும், மிச்சமும் பக்கச் சுவர்களின் சூடும் கண்ணாடி வழியே வருவதும் சேர்ந்து ஏசியை மூச்சுத் திணற வைக்கும். பக்கவாட்டுப் பெட்டிக் கூரை இதில் ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை. அது மனிதருக்குத்தான் நிழல், வண்டிக்கு அல்ல. ஐரோப்பாவில் அது போதும். அங்கே வண்டியின் கூரை காய்வது பெரிய துன்பம் இல்லை. நமக்கு வெயில் தலைக்கு மேலிருந்து வருகிறது.

தார்ப்பாயின் மேன்மை இங்கேதான். வண்டியின் பக்கத்தில் கட்டுவதற்குப் பதில், நீளமாக எடுத்து வண்டிக்கூரையின் மேலாகவே போட்டு, மேற்குப் பக்கம் கொஞ்சம் இறக்கி, கிழக்குப் பக்கம் கழிகள்மேல் நீட்டிவிட்டால் வண்டிக்கும் மனிதருக்கும் ஒரே குடை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: துணி வண்டித் தகட்டில் ஒட்டக்கூடாது. ஒரு சாண் இடைவெளி வேண்டும், அதன் வழியே காற்று ஓட வேண்டும். ஒட்டிக் கிடந்தால் துணியின் சூடு அப்படியே தகட்டுக்கு இறங்கும். பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளில் வெப்ப நாடுகளுக்கென்றே கூரைக்கு மேல் இன்னொரு கூரை வைத்து இடையில் காற்றுக்கு வழி விட்டிருந்தார்கள். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடுகிற வீட்டுக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாடித் தளத்தின் மேல் வெயில் படாமல் இருப்பதும், கீற்றுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று போவதும்தான் கீழே உள்ள அறையைக் குளிர்விக்கின்றன. வண்டிமேல் இருக்கும் லக்கேஜ் கேரியரே அந்த இடைவெளியைத் தந்துவிடும். கேரியர் இல்லாதவர்கள் நீளவாக்கில் இரண்டு பிவிசி குழாய்களைக் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்காது என்றாலும் துணி எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிட முடியும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது இடிமழை எச்சரிக்கைகளில் வானிலை ஆய்வு மையம் அடிக்கடி சொல்லும் அளவு. அந்த வேகத்தில் காற்று அடியில் புகுந்து துணியை நிமிர்த்தினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ தள்ளும். மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் அளவுள்ள கூரையில் அது 90 கிலோ. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் நாலரை வேண்டும் அதை அமுக்கிப் பிடிக்க. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. பெட்டிக் கூரையில் இந்த இழுப்பு முழுவதும் எங்கே போகிறது? ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத வண்டித் தகட்டில் முறுக்கிய திருகாணிகளுக்கும், விரல் தடிமன் அலுமினியக் கைகளுக்கும். அதனால்தான் காற்று வந்தால் உடனே சுருட்டிவிடுங்கள் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைக்கிறார்கள். சுருட்டுவதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சாமி கும்பிட வரிசையில் நிற்கும்போதா, ஏரிக்கரையில் பிள்ளைகளோடு நடக்கும்போதா காற்று சொல்லிக்கொண்டு வருகிறது?

கயிற்றில் கட்டிய தார்ப்பாய் பறக்காதா என்றால், பறக்கும். ஆனால் பறந்தால் ஒரு கயிறு அறும், ஒரு கழி சாயும், வண்டி கிழியாது. இந்தச் சிறு சேதத்தையும் குறைக்க வழி இருக்கிறது. முளைக்கும் கயிற்றுக்கும் இடையே பழைய சைக்கிள் டியூபை அறுத்து ஒரு வளையமாகப் போட்டால் காற்றின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். பழவேற்காட்டு மணலில் முளை நிற்காது; மணலை நிரப்பிய சாக்கைக் குழி தோண்டிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். வெயிலில் இறுகிய செம்மண்ணில் அரை இஞ்சுக் கம்பி முளை சம்மட்டியால் அடித்தால்தான் இறங்கும், இறங்கினால் அசையாது. தார்ச்சாலை ஓரத்தில் இரண்டும் நடக்காது. அங்கே தண்ணீர் கேன்கள்தான் முளை. இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும் இந்தச் சுதந்திரம் திருகி வைத்த பெட்டிக்கு இல்லை.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதன் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ எடை. முன்சொன்ன அதே கூரை நடுவில் தொய்ந்து, 20 மில்லிமீட்டர் மழை முழுவதும் அதில் தேங்கினால் 150 கிலோ. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. 20 மில்லிமீட்டர் என்பது அந்த மாதங்களில் ஒரு மணி நேர வேலை. திருநின்றவூர் ஈசா ஏரி நிரம்பி அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளில் நீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மழையின் அளவை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சரிவு முக்கியம்: ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சாண் இறங்க வேண்டும். ஒரு மூலையை இன்னும் தாழ்த்திக் கட்டினால் தண்ணீர் அங்கே தாரையாக விழும். கீழே அண்டாவை வைத்தால் பாத்திரம் கழுவ ஆகும். பெட்டிக் கூரையின் கால்களைத் தாழ்த்தி அதற்கும் சரிவு கொடுக்கலாம்தான். ஆனால் கதவு திறக்கும் உயரத்தை விட்டுவிட்டு இவ்வளவு சரிவை அது தருவது அரிது.

துணியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தார் பூசிய பாய் என்று நம் காதுக்கு இயல்பாகப் பொருள்படும் இந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்ததாம். ஈழத்தில் இதையே படங்கு என்கிறார்கள். கடையில் இதற்கு மூன்று முகங்கள். நீலத்தில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் தார்ப்பாய் எடை குறைந்தது, ஆனால் மெல்லியது; வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். அதன் அடியில் சோறும் நீலம், முகமும் நீலம். வெயில் தாங்கும் கலவை சேர்க்காத சரக்கு ஓரிரு கோடைகளில் செதில் செதிலாக உதிரும். லாரிக்குப் போடும் கெட்டி கான்வாஸ் பல ஆண்டு உழைக்கும், அடியில் சூடு குறைவு, ஆனால் நனைந்தால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். நடுவழி, 200 ஜிஎஸ்எம் அளவில் வெளிப்புறம் வெள்ளி நிறமுள்ள தார்ப்பாய். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான். 12 அடிக்கு 18 அடித் துணி ஒன்று சுமார் நாலு கிலோ இருக்கும். கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பாமல் தராசில் வைத்துப் பார்க்கலாம். பின்னல் பாலிதீன் தார்ப்பாய்க்கென ஐஎஸ் 7903 என்ற இந்தியத் தர அளவு இருக்கிறது. அந்த முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்திருக்கிறதா, வளையங்கள் ஒரு முழத்துக்கு ஒன்றாவது இருக்கின்றனவா என்பதைப் பார்த்தபின் நிறத்தைப் பாருங்கள்.

ஆனாலும் பகல் முழுக்கத் தார்ப்பாயின் அடியில் உட்கார்ந்தவர்கள் ஒன்றை உணர்வார்கள்: வெயில் படவில்லை, புழுக்கம் மட்டும் போகவில்லை. காற்று புகாத துணி தானும் காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே வீசுகிறது. கீற்றுப் பந்தலில் இது இல்லை. கீற்று ஆயிரம் இடுக்குகள் வழியே மூச்சு விடுகிறது. அதற்கு ஈடாக இன்று கிடைப்பது நாற்றுப் பண்ணைகளில் கட்டும் நிழல்வலை. முக்கால் பங்கு வெயிலை மறைக்கும் வலையைக் கழிகளின் மேல் முதலில் கட்டி, தார்ப்பாயைச் சுருட்டி வண்டிமேல் தயாராக வைத்திருப்பது நல்லது. வெயிலுக்கு வலை, மழைக்கு மேலே தார்ப்பாய். வலையின் வழியே காற்று ஊடுருவிப் போவதால் அது தூக்குவதும் மிகக் குறைவு. பணம் செலவழிக்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டாம் அடுக்கில் செலவழிக்கட்டும்.

பெட்டிக் கூரைக்காக வாதாடுகிறவர்களின் வலுவான கேள்வி வேறு. அது இரண்டு நிமிடத்தில் விரியும். நீங்கள் சொல்லும் பந்தலுக்கு அரை மணி ஆகும், கழி தூக்க ஆள் வேண்டும், வயதான தம்பதி தனியாகப் போனால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஒரு நாளில் ஐந்து இடத்தில் நிறுத்தி ஐந்து முறை டீ குடிக்கிற பயணம் என்றால் பெட்டியே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் குடும்பப் பயணம் அப்படி நடப்பதில்லை. திருத்தணியானாலும் பழவேற்காடானாலும் ஓரிடத்தில் இறங்கினால் சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்துதான் கிளம்புகிறோம். பத்து மணி நேரம் இருக்கும் இடத்துக்கு அரை மணி அதிகமில்லை. கழியைப் பொறுத்தவரை, சவுக்குக் கழிக்குப் பதில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அலுமினியக் குழாய் எடுத்தால் ஒருவரே நிறுத்தலாம். முதலில் கயிற்றை முளையில் தளர்வாகக் கட்டிவிட்டு, பிறகு கழியை உள்ளே நுழைத்து நிமிர்த்துவதுதான் பந்தல்காரர்கள் செய்யும் முறை. கழியைப் பிடித்துக்கொண்டு கயிறு கட்ட முயல்கிறவர்களுக்குத்தான் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறது.

நிலையாகப் பொருத்துவதில் சட்டச் சிக்கலும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பெட்டி திருகுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டம் இடம் கொடுத்தாலும் கிராமத்துச் சாலையோரப் புளியமரம் கொடுக்காது. பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் பெட்டியைத்தான் தாழ்ந்த கிளை முதலில் பிடிக்கும்.

சமையல் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். பாலிதீன் சுமார் 130 பாகை செல்சியஸில் உருகிவிடும்; தாளிக்கும் கடாயின் மேல் எழும் தீச்சுடருக்கு அது ஒன்றுமே இல்லை. அடுப்பு கூரையின் நிழலுக்கு வெளியே, காற்று நம்மிடமிருந்து விலகிப் போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். நாலு பக்கமும் திரை போட்டு அறையாக்கிக்கொள்ளும் ஐரோப்பிய வகையும் விற்கிறது. அது குளிருக்காகப் பிறந்தது. அதற்குள் அடுப்பு மூட்டினால் மணமில்லாத நச்சுவாயு தேங்கும். நமக்கு வேண்டிய சுவர் கொசுவலை ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் கழிகளுக்கு நடுவே கொடி கட்டித் தொங்கவிடலாம்.

மூக்கு தெற்கே என்று சொன்னது கோடைக்கும் ஆடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் காற்றும் சாரலும் திசை மாறிக் கடல் பக்கமிருந்து வரும். அப்போது வண்டியைத் திருப்பி மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தினால் கதவு மேற்கே திறக்கும், வண்டி கிழக்குச் சுவராகும். டிசம்பர் மாலை வெயில் இதமானது. முகத்தில் பட்டாலும் யாரும் வருந்த மாட்டார்கள். கையில் கல் இல்லாமல் அடித்தளம் முதல் சிகரம் வரை மனத்திலேயே கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் ஊர் திருநின்றவூர். வாங்கப் போகிறவர்களும் பணம் கொடுப்பதற்கு முன் அப்படி ஒரு முறை கட்டிப் பார்க்கலாம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துங்கள். நினைத்த அளவில் ஒரு பழைய படுக்கை விரிப்பை இரண்டு துடைப்பக் கட்டைகளில் ஏற்றிப் பிடியுங்கள். நண்பகலில் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போடுங்கள். மாலை நாலு மணிக்கு மறுபடி வந்து, இன்னொரு கோடு போடுங்கள்.